வரப்பில் ஒரு வகுப்பறை
நம் பிள்ளைகளுக்கு உயிரினங்களின் உறவைச் சொல்லித் தருவது எப்படி?

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "உணவுச் சங்கிலிக்கு ஓர் உதாரணம் சொல்." உடனே பதில் வரும். "புல், மான், சிங்கம்." தொலைக்காட்சியில் ஆப்பிரிக்கக் காடுகளைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள். அடுத்து, "நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலில் தவளையைத் தின்பது எது? தவளை எதைத் தின்னும்?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் விழிப்பார்கள்.

அதே கேள்வியை வயலில் நாற்று நட்டுப் பழகிய பாட்டியிடம் கேட்டால் கால் மணி நேரம் விடாமல் சொல்வார். ஆனால் "சூழல் மண்டலம்" என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பிள்ளையிடம் சொல் இருக்கிறது, பொருள் இல்லை. பாட்டியிடம் பொருள் இருக்கிறது, சொல் இல்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் குடும்பங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. பிள்ளை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறது. வீட்டில் பெரியவர்கள் தமிழில் பேசுகிறார்கள். இவ்விருவரையும் ஒரே வரப்பில் உட்கார வைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குப் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் வழியில் உள்ள எலப்புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள வயல்களையும் எடுத்துக்கொள்வோம்.

சொற்களை முதலில் சேர்த்துக்கொள்வோம்

ஓரிடத்தில் வாழும் செடி கொடிகள், விலங்குகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், அவற்றோடு மண், நீர், வெயில், காற்று ஆகிய எல்லாம் சேர்ந்து இயங்கும் அமைப்பே சூழல் மண்டலம். இந்தக் கருத்துக்கு 1935-ல் ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் இங்கிலாந்தின் தாவரவியலறிஞர் டான்ஸ்லி. மலையாளப் பாடநூலில் இதை "ஆவாசவியவஸ்த" என்பார்கள். உணவுச் சங்கிலி அங்கே "பக்ஷ்யசிருங்கல". மகரந்தச் சேர்க்கை "பராகணம்". மட்கச் செய்யும் உயிர்கள் "விகாடகர்". பெற்றோர் இந்த நாலைந்து சொற்களைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே பிள்ளையின் பாடத்துக்குள் நுழைந்துவிடலாம்.

தமிழருக்கு இக்கருத்து முற்றிலும் புதியதும் அன்று. தொல்காப்பியம் நிலத்தைத் திணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரம், பறவை, விலங்கு, உணவு, மக்களின் தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று வகுத்தது. அது இலக்கிய இலக்கணம். அறிவியல் நூல் அன்று. ஆயினும் நிலம், உயிர், உணவு, தொழில் நான்கும் தனித்தனியாக நிற்பவை அல்ல என்ற பார்வை அதில் உண்டு. எலப்புள்ளி வயல்கள் மருதம் என்றால் இடுக்கி ஏலமலை குறிஞ்சி. இப்படித் தொடங்கினால் தமிழ்ப் பாடமும் அறிவியல் பாடமும் கைகோத்துக்கொள்ளும்.

வயலில் யார் யார்?

நெற்பயிர் வெயிலையும் நீரையும் கரியமில வாயுவையும் கொண்டு உணவு தயாரிக்கிறது. அது உற்பத்தியாளர். இலையைத் தின்னும் வெட்டுக்கிளியும் இலைச்சுருட்டுப் புழுவும் முதல்நிலை நுகர்வோர். அவற்றைத் தின்னும் தவளை அடுத்த படி. தவளையை விழுங்கும் சாரைப்பாம்பு அதற்கும் அடுத்த படி. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றலே மிஞ்சும் என்பது பொது விதி. அதனால்தான் வயலில் பயிர் ஏராளமாகவும், புழு அதைவிடக் குறைவாகவும், பாம்பு ஒன்றிரண்டாகவும் இருக்கின்றன.

யார் யாரைத் தின்கிறது என்பதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. உயிர்களுக்கிடையே வேறு உறவுகளும் உண்டு. அவை எல்லாவற்றுக்கும் வயலிலேயே உதாரணம் கிடைக்கும்.

போட்டி: நெல்லைப் போலவே தோன்றும் குதிரைவாலிப் புல் அதே மண்ணில், அதே உரத்துக்கும் வெளிச்சத்துக்கும் நெல்லோடு மல்லுக்கட்டுகிறது. களை எடுப்பது என்பது இந்தப் போட்டியில் நாம் ஒரு பக்கம் சேர்வதுதான்.

இருவருக்கும் நன்மை: வயல் நீரில் மிதக்கும் அசோலா என்னும் சிறு பெரணியின் இலைக்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. பாசி காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்திக் கொடுக்கிறது. பெரணி அதற்கு வீடு கொடுக்கிறது. அசோலா மட்கும்போது அந்தத் தழைச்சத்து நெல்லுக்கும் சேர்கிறது.

ஒருவருக்கு நன்மை, மற்றவருக்கு நட்டமில்லை: மேயும் மாட்டின் பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்கைக் காட்டுங்கள். மாடு கால் வைக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளை அது பிடித்துத் தின்கிறது. மாடு குறைந்த இடங்களில் அது டிராக்டரின் பின்னால் போவதையும் பார்க்கலாம்.

ஒட்டுண்ணி: தண்டு துளைப்பான், இலைச்சுருட்டுப் புழு ஆகியவற்றின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் மிகச் சிறிய குளவி ஒன்று உண்டு. டிரைக்கோகிரம்மா என்பது அதன் பெயர். இந்தக் குளவி வளரும் முட்டைகளை அட்டையில் ஒட்டி "டிரைக்கோ கார்டு" என்று வேளாண் துறையினர் உழவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அட்டையை வயலில் கட்டிவிட்டால் குளவிகள் வெளிவந்து பூச்சி முட்டைகளைத் தேடிச் செல்லும். உங்கள் பக்கத்து உழவர் யாராவது இதைக் கட்டியிருந்தால் பிள்ளையை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

புகையான் கற்பித்த பாடம்

"ஓர் உயிரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்பதுதான் இப்பாடத்தின் உயிர்நாடியான கேள்வி. இதற்கு நெல் வயலைவிடச் சிறந்த விடை வேறெங்கும் கிடைக்காது.

புகையான் என்பது நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. மலையாளத்தில் முஞ்ஞ என்பார்கள். தாக்குதல் மிகுந்தால் வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்தது போல் காய்ந்துவிடும். 1973-74-ல் குட்டநாடு முதலான கேரள நெல் வயல்களை இது பெருமளவில் அழித்தது. அதே காலத்தில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலும் இதே கதை. பூச்சி வந்ததும் மருந்து அடித்தார்கள். மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது!

காரணத்தை ஆராய்ந்தபோது உண்மை தெரிந்தது. நெல்லின் அடித்தண்டில் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி புகையானைப் பிடித்துத் தின்கிறது. அதன் முட்டையை உறிஞ்சும் ஒரு வகை நாவாய்ப் பூச்சியும் உண்டு. மருந்து இந்த நண்பர்களைக் கொன்றது. புகையானோ தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் பத்திரமாகச் செருகி வைத்திருந்தது. முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளிவந்தபோது அவற்றைத் தின்ன யாரும் இல்லை. காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனை விட்டுவைத்த கதைதான் இது.

1986-ல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு அடித்துவந்த 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகளை நடத்தியது. அங்கே புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை. உழவர்கள் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணினார்கள், படம் வரைந்தார்கள். வலையிட்டு மூடிய செடியில் புகையானையும் சிலந்தியையும் ஒன்றாக விட்டு, யார் யாரைத் தின்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தார்கள். இதற்குப் "பூச்சிக் காட்சிச்சாலை" என்றே பெயர் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்த இந்த முறை நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாதா?

தவளையின் கதையும் இதைப் போன்றதே. 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் தவளைக் கால்கள் ஏற்றுமதியாயின. கேரள வயல்களிலிருந்தும் தவளைகள் சாக்கு சாக்காகப் போயின. வயலில் பூச்சி தின்னும் உயிர் குறைகிறது என்ற எச்சரிக்கை எழுந்தது. 1987-ல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இரவில் வரப்பில் தவளை பிடிக்கப் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஆட்கள் போன காலம் நம் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

வரப்போரத்துப் பனை

கிழக்குப் பாலக்காட்டின் அடையாளமே பனை. மலையாளிகளுக்குக் கரிம்பனை. தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுவே. ஒரே பனையின் கீழ் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்தால் பாடநூலின் ஒரு முழுப் பாடத்தையும் படித்துவிடலாம்.

தொங்கும் காய்ந்த ஓலையின் அடியில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டுகிறது பனை உழவாரன். பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்னும் பறவை அது. ஓலையின் நுனியில் தூக்கணாங்குருவி கூடு தொங்குகிறது. அது கூடு பின்னும் நார் பனையோலையிலிருந்தும் நெல்லின் இலையிலிருந்தும் கிழித்தெடுத்தது. இந்தக் குருவி விளைந்த நெல்லைத் தின்னும். ஆனால் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளை ஊட்டும். அது உழவனுக்கு நண்பனா, பகைவனா? விடையை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளைகள் வாதாடட்டும்.

சில பனைகளின் தலையில் ஆலமரம் முளைத்திருப்பதைக் காணலாம். பறவையின் எச்சத்தில் வந்த விதை அது. முதலில் இருக்க இடம் மட்டுமே கேட்கும். பல ஆண்டுகள் கழித்து வேர்களால் பனையைச் சுற்றிப் பின்னி நெருக்கிவிடும். உயிர்களின் உறவு என்றும் ஒரே மாதிரி இராது, காலத்தால் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல படம் உண்டா? செங்கல் சூளைக்கும் விறகுக்கும் பனைகள் வெட்டப்பட்டபோது ஒரு மரம் மட்டும் போகவில்லை. அந்த ஓலையை நம்பிய உழவாரனுக்கும் தூக்கணாங்குருவிக்கும் வீடு போயிற்று.

புதிதாக வந்தவர்கள்

இப்போது பாலக்காட்டு வயல்களில் மயில் சாதாரணக் காட்சி. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, உழவர்களுக்குக் கவலை. வறண்ட, வெட்ட வெளியான நிலத்தை விரும்பும் மயில் கேரளத்தில் பரவி வருவதை, நிலம் வறண்டு வருவதன் அறிகுறியாக ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

மற்றொரு விருந்தாளி ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட இது, இன்று கேரளத்தின் பல மாவட்டங்களில் வாழை, பப்பாளி, காய்கறி என்று கண்டதையெல்லாம் தின்கிறது. பிறந்த மண்ணில் அதைக் கட்டுக்குள் வைத்த எதிரிகள் இங்கே இல்லை. அதனால் மழைக்காலத்தில் பெருகிவிடுகிறது. இதைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொடவே கூடாது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கக்கூடிய ஒரு வகைப் புழுவை இது சுமந்து வரலாம். வெளியிலிருந்து வந்த உயிர் எப்போது அடங்கி வாழும், எப்போது ஊரையே மாற்றிவிடும் என்று யோசிக்க இது நல்ல வாய்ப்பு.

இடுக்கிப் பக்கம் இருப்பவர்களுக்கு

ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் நம் குடும்பங்களுக்கு நெல் வயல் கிடையாது. ஆனால் அவர்கள் கையிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஏலப்பூ காலையில் மலரும்; ஒரு நாள்தான் தாங்கும். அந்த நேரத்துக்குள் தேனீ வர வேண்டும். வராத பூ பெரும்பாலும் காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். காய் பறிக்கும் தாயின் கூலி, தேனீயின் வருகையைச் சார்ந்து நிற்கிறது. தேனீ பறக்கும் காலை வேளையில் மருந்து அடிக்கக் கூடாது என்று வேளாண் அறிஞர்கள் சொல்வதன் காரணம் இதுதான். "அம்மா பறிக்கும் காய்க்கும் தேனீக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு பிள்ளை கேட்டுத் தெரிந்துகொண்டால், மகரந்தச் சேர்க்கை அதற்கு ஒருபோதும் மறக்காது.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் மூணாறு மலைகளில் பூத்தது. அடுத்த முறை 2030-ல் எதிர்பார்க்கலாம். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அப்போது வளர்ந்திருக்கும். இப்போதே சொல்லி வையுங்கள்.

செய்து பார்க்கச் சில வழிகள்

1. சதுரக் கயிறு: மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் கயிற்றால் வரப்பில் ஒரு சதுரம் கட்டுங்கள். காலை அரை மணி, மாலை அரை மணி அதற்குள் வரும் உயிர்களைப் பிள்ளை எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் படம் வரையட்டும். பெயரைப் பாட்டி சொல்வார். தமிழ்ப் பெயர் ஒரு பக்கம், மலையாளப் பெயர் ஒரு பக்கம்.

2. பூச்சிக் காட்சிச்சாலை: இரண்டு தொட்டிகளில் நெல் நாற்று வைத்துக் கொசுவலைத் துணியால் மூடுங்கள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் புகையான் அல்லது பச்சைத் தத்துப்பூச்சியை விடுங்கள். ஒன்றில் மட்டும் வயலில் பிடித்த ஒரு சிலந்தியை விடுங்கள். மூன்று நாள் கழித்து எண்ணிப் பாருங்கள். பிறகு எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுங்கள்.

3. நூல் விளையாட்டு: பத்துப் பிள்ளைகள் வட்டமாக நிற்கட்டும். ஒருவர் நெல், ஒருவர் தவளை, ஒருவர் சிலந்தி, ஒருவர் மண்புழு. யாருக்கு யாரோடு தொடர்போ அவர்களிடையே நூலை இழுத்துக் கட்டுங்கள். பிறகு "தவளை" கையிலுள்ள நூலை விடட்டும். எத்தனை பேர் கையில் நூல் தளர்கிறது என்று பாருங்கள். சங்கிலி அல்ல, வலை என்பது அப்போது விளங்கும்.

4. கஞ்சிக்கோட்டில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு: தொட்டியில் ஓர் அவரைக்கொடி போதும். அசுவினி வரும். அது விடும் இனிப்பு நீருக்காக எறும்பு வரும்; அசுவினிக்குக் காவலும் இருக்கும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். கறிவேப்பிலைச் செடியில் வண்ணத்துப்பூச்சியின் புழுவையும் தேடலாம்.

5. பள்ளி வழியே: 2010 அளவில் தொடங்கிய "சீசன்வாட்ச்" திட்டத்தில் கேரளப் பள்ளி மாணவர்கள் ஏராளமானோர் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அது தளிர்ப்பதையும் பூப்பதையும் வாரந்தோறும் பதிந்துவருகிறார்கள். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை எப்போது பூக்கிறது என்று கவனிப்பதே ஓர் ஆராய்ச்சி. நாடு தழுவிய அளவில் 1993-ல் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாடும் இத்தகைய கள ஆய்வுகளுக்காக ஏற்பட்டதுதான்.

சில எச்சரிக்கைகள்: பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பாதீர்கள். மருந்து அடித்த வயலுக்குப் போகக் கூடாது. காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். பாம்பைக் கண்டால் அடிக்காமல் விலகி நிற்கச் சொல்லுங்கள். எலியைத் தின்னும் சாரைப்பாம்பும் கூகையும் இல்லாத வயலில் எலி பெருகும் என்பதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதியே.

மதிப்பெண்ணுக்கு அப்பால்

இவ்வளவு பாடுபட்டு இதை ஏன் சொல்லித்தர வேண்டும்? பரீட்சைக்கு நாலு வரி போதுமே என்று சிலர் நினைக்கலாம்.

நாம் வாழும் இடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். எலப்புள்ளிக்கு அதிக தூரமில்லாத பிளாச்சிமடையில் 2000-ல் தொடங்கிய கோக்கோ கோலா ஆலை, கிணற்று நீர் குறைந்தது, கெட்டது என்று மக்கள் போராடியதையடுத்து 2004-ல் நின்றது. 2025-ல் எலப்புள்ளியிலேயே மதுபான ஆலைத் திட்டம் பற்றி, தண்ணீரை முன்வைத்துப் பெரும் விவாதம் எழுந்தது. வயல்களை மண்ணிட்டு நிரப்புவதைக் கட்டுப்படுத்த 2008-ல் கேரளம் தனிச் சட்டமே இயற்றியது. ஒரு பக்கம் வேலை வாய்ப்பு, மறுபக்கம் வயலும் கிணறும். ஆலை வேலையை நம்பி வந்த குடும்பங்களும் நம்மில் உண்டு. வயல் வேலையை நம்பி வந்த குடும்பங்களும் உண்டு. எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவரவர் முடிவு செய்யட்டும்.

ஆனால் முடிவு செய்யும் வயது வரும்போது நம் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். "இதை எடுத்தால், இதனோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போகும்?" வயல் வெறும் காலி மனை அன்று, அங்கே நீர் இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது, நெல்லும் தவளையும் சிலந்தியும் கொக்கும் மனிதனும் ஒரே வலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளைதான் அந்தக் கேள்வியைக் கேட்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு, பிள்ளையையும் வீட்டிலுள்ள பெரியவரையும் அழைத்துக்கொண்டு வரப்புக்குப் போங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். பிள்ளைகள் எழுதிக்கொண்டுவரும் பெயர்ப் பட்டியல்களை நம் சங்க இதழுக்கு அனுப்பி வையுங்கள். தமிழ்ப் பெயரும் மலையாளப் பெயரும் அருகருகே இருக்கும் அந்தப் பட்டியல், இந்த மண்ணில் வாழும் நமக்குப் பயன்படும் ஒரு சிறு அகராதியாக வளரட்டும்.